காகித மகன்கள்

காகித மகன்கள் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் சீனர் விலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், அமெரிக்கக் குடிமகன் ஒருவரின் மகன் என்று ஆவணங்களில் மட்டும் காட்டப்பட்டு அந்நாட்டுக்குள் நுழைந்த சீனர்களைக் குறிக்கும் பெயராகும். இவர்களுக்கும் தந்தை எனக் காட்டப்பட்டவருக்கும் இடையே பெரும்பாலும் இரத்த உறவு இருந்ததில்லை. சிலர் உடன்பிறந்தாரின் மகன்களாகவோ ஒரே ஊரைச் சேர்ந்தவர்களாகவோ இருந்தனர். மற்றவர்கள் பணம் கொடுத்து அந்த உறவை வாங்கியவர்கள். இதே முறையில் சிறு எண்ணிக்கையில் வந்த பெண்கள் காகித மகள்கள் எனப்பட்டனர்.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று 1882இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் சாதாரணக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீன இளைஞனுக்கு இருந்த முதன்மையான வழி, ஏற்கெனவே அங்கு உரிமை பெற்ற ஒருவரின் பிள்ளையாக இருப்பதுதான். உறவு ஒன்றே வாசல் என்று சட்டம் ஆக்கியபோது, அந்த வாசலுக்கு ஏற்ற உறவுகள் காகிதத்தில் உருவாயின. இவ்வாறு உருவான குடும்பங்கள் மூன்று தலைமுறைகளுக்கு மேல் பொய்ப் பெயர்களோடு வாழ நேர்ந்தது.

பின்னணி

சீனாவின் தென்கோடியிலுள்ள குவாங்டாங் மாகாணத்தில் முத்து ஆற்றுக் கழிமுகப் பகுதி உள்ளது. அதன் மேற்கே தைஷான், கைப்பிங், என்பிங், சின்ஹுய் என்ற நான்கு மாவட்டங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற சீனர்களில் பெரும்பாலோர் இந்த நான்கு மாவட்டங்களிலிருந்து, குறிப்பாகத் தைஷானிலிருந்து, புறப்பட்டவர்கள். மலைப்பாங்கான நிலம், மிகுந்த மக்கள்தொகை, தைப்பிங் கிளர்ச்சி உள்ளிட்ட உள்நாட்டுப் போர்கள் ஆகியவை அவர்களைக் கடல் கடக்கத் தூண்டின.

கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவர்களையும் எட்டியது. சான் பிரான்சிஸ்கோ நகரை அவர்கள் தங்க மலை என்றே அழைத்தனர். தங்க வேட்டை ஓய்ந்தபின் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை அமைக்கும் பணியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் அமர்த்தப்பட்டனர். சியரா நெவாடா மலைகளைக் குடைந்தும் வெடி வைத்துப் பிளந்தும் அவர்கள் போட்ட பாதை, 1869 மே 10 அன்று யூட்டாவிலுள்ள புரொமண்டரி என்ற இடத்தில் கிழக்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கையெழுத்தான பர்லிங்கேம் உடன்படிக்கை, இரு நாட்டு மக்களும் தடையின்றிப் போய்வரலாம் என்று கூறியிருந்தது.

ஆனால் வந்துபோகும் உரிமை வேறு, குடியுரிமை வேறு. 1790ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, சுதந்திர மனிதராக உள்ள வெள்ளையர் மட்டுமே விண்ணப்பித்து அமெரிக்கக் குடிமகனாக முடியும். 1870இல் இந்த உரிமை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் வழங்கப்பட்டது. சீனர்கள் இரண்டு வகைக்குள்ளும் வரவில்லை. எத்தனை ஆண்டுகள் அங்கே உழைத்தாலும் அவர்கள் அயலாராகவே இருந்தனர்.

கதவடைத்த சட்டங்கள்

ரயில் பாதைப் பணி முடிந்து, 1870களில் பொருளாதார மந்தம் ஏற்பட்டபோது, குறைந்த கூலிக்கு வேலை செய்யும் சீனர்களே வேலையின்மைக்குக் காரணம் என்ற பிரசாரம் கலிபோர்னியாவில் வலுத்தது. 1875இல் வந்த பேஜ் சட்டம், பாலியல் தொழிலுக்காகப் பெண்கள் அழைத்து வரப்படுவதைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டது. நடைமுறையில் அது மணமான சீனப் பெண்களையும் சந்தேகித்துத் தடுத்து நிறுத்தியது.

1882 மே 6 அன்று குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் சீனர் விலக்குச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு குறிப்பிட்ட நாட்டினத்தாரைப் பெயர் சொல்லித் தடுத்த முதல் பெரிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இதுவே. சீனத் தொழிலாளர்கள் பத்து ஆண்டுகளுக்கு வரக்கூடாது என்றும், எந்த நீதிமன்றமும் சீனருக்குக் குடியுரிமை வழங்கக்கூடாது என்றும் இது விதித்தது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணிகள், தூதரகப் பணியாளர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இதன்பின் கெடுபிடி கூடியது. தொழிலாளர்கள் தாய்நாட்டுக்குச் சென்று திரும்புவதற்காக வழங்கப்பட்ட சான்றிதழ்களை 1888ஆம் ஆண்டின் ஸ்காட் சட்டம் ஒரே நாளில் செல்லாதவையாக்கியது. அச்சமயம் சீனாவிலும் நடுக்கடலிலும் இருந்த ஏறத்தாழ 20,000 பேர் திரும்பி வரும் உரிமையை இழந்தனர். 1892ஆம் ஆண்டின் கியரி சட்டம் தடையை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்ததோடு, சீனத் தொழிலாளர்கள் வதிவிடச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. 1904இல் இந்தத் தடை கால வரம்பின்றி நிலைநிறுத்தப்பட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இதன் விளைவைக் காட்டுகின்றன. 1880இல் அமெரிக்காவில் 1,05,465 சீனர்கள் இருந்தனர். 1920இல் அந்த எண்ணிக்கை 61,639 ஆகக் குறைந்தது. 1890இல் ஒரு சீனப் பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள் என்ற விகிதம் நிலவியது. குடும்பம் அமைத்துக் கொள்ள முடியாத ஆண்களின் சமூகமாக அது மாறியிருந்தது.

உறவு என்னும் ஒரே வழி

இந்தச் சூழலில்தான் இரண்டு சட்டக் கோட்பாடுகள் முக்கியத்துவம் பெற்றன. ஒன்று, பிறந்த மண்ணால் வரும் குடியுரிமை. மற்றொன்று, தந்தை வழியாக வரும் குடியுரிமை.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் ஏற்கப்பட்ட 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் ஆட்சி எல்லைக்கு உட்பட்ட அனைவரும் அந்நாட்டுக் குடிமக்கள் என்று கூறியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இத்திருத்தம் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 1873இல் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல் தொழிலாளி, சீனா சென்றுவிட்டு 1895 ஆகஸ்டில் திரும்பியபோது துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அவர் குடிமகன் அல்லர் என்று சுங்க அதிகாரி முடிவு செய்து, கரையிறங்க விடாமல் கப்பல்களிலேயே காவலில் வைத்தார். சீனச் சமூக அமைப்புகளின் உதவியோடு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1898 மார்ச் 28 அன்று ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வெளியான தீர்ப்பை நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதினார். பெற்றோர் சீனப் பேரரசின் குடிகளாக இருந்தாலும், அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ்ந்து தொழில் செய்பவர்களின் பிள்ளை அங்கே பிறந்தால் அப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனே என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது.

இரண்டாவது கோட்பாடு இதைவிடப் பழையது. அமெரிக்காவில் வசித்த குடிமகன் ஒருவருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளும் குடிமக்களே என்று 1855ஆம் ஆண்டின் சட்டம் கூறியிருந்தது. தாய் வழியாக இந்த உரிமை அப்போது வரவில்லை. வோங் கிம் ஆர்க் தீர்ப்பும் இந்தச் சட்டமும் சேர்ந்தபோது புதிய வழி ஒன்று திறந்தது. அமெரிக்காவில் பிறந்த ஒரு சீனர், தைஷானிலுள்ள தம் மனைவியைப் பார்க்க ஊருக்குச் சென்று, அங்கே மகன் பிறந்தால், அந்த மகன் பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். விலக்குச் சட்டம் அவனைத் தடுக்க முடியாது.

வணிகர்களுக்கும் இதுபோன்ற ஒரு வழி இருந்தது. வணிகர் ஒருவரின் மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் தனிச் சான்றிதழ் இல்லாமலே நுழையலாம் என்று 1900இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வணிகரின் மகன் அல்லது குடிமகனின் மகன் என்ற இரு நிலைகளும் பெரும் மதிப்புப் பெற்றன.

1906ஆம் ஆண்டு நிலநடுக்கம்

1906 ஏப்ரல் 18 அன்று அதிகாலை 5.12 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து மூண்ட தீ மூன்று நாட்களுக்கு மேல் எரிந்து நகரின் பெரும்பகுதியையும் சீனர் குடியிருப்பையும் சாம்பலாக்கியது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அந்த அழிவில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின.

பதிவேடு இல்லாத நிலையில், தான் அந்நகரில் பிறந்தவன் என்று ஒருவர் கூறினால் அதைப் பொய் என நிறுவுவது அதிகாரிகளுக்குக் கடினமாயிற்று. சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கொண்டு பலர் பிறப்பால் குடிமக்கள் என்ற சான்றைப் பெற்றனர். இந்த முறை நிலநடுக்கத்துக்கு முன்பே ஓரளவு வழக்கில் இருந்தது. ஆயினும் 1906க்குப் பின் அது பெருகியது.

இப்படிச் சான்று பெற்றவரின் உரிமை அவரோடு நிற்கவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கும் அது சென்றது. எரிந்துபோன ஒரு பதிவேட்டின் இடத்தில் பல குடும்பங்களின் எதிர்காலம் எழுதப்படலாயிற்று.

மகன் இடங்களின் விற்பனை

இம்முறை செயல்பட்ட விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குடியுரிமைச் சான்று பெற்ற சீனர் ஒருவர் ஊருக்குச் சென்று ஓராண்டு தங்கித் திரும்புகிறார் என்று கொள்வோம். துறைமுகத்தில் அதிகாரி அவரிடம், மணமானவரா, பிள்ளைகள் உண்டா என்று கேட்பார். உண்மையில் பிள்ளை பிறக்காதிருந்தாலும், மகள் பிறந்திருந்தாலும், மகன் பிறந்திருப்பதாக அவர் பதிவு செய்வார். மகனின் பெயரும் பிறந்த நாளும் அரசுக் கோப்பில் ஏறிவிடும். அடுத்த பயணத்தில் இன்னொரு மகன் சேர்வான். இவ்வாறு கோப்பில் உருவான ஒவ்வொரு மகனும் ஓர் இடம் எனப்பட்டான்.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தை யார் நிரப்புவது என்பது முடிவு செய்யப்படும். தம் அண்ணன் மகனையோ தங்கை மகனையோ அந்தப் பெயரில் அழைத்துக் கொண்டவர்கள் உண்டு. தேவையில்லாதவர்கள் இடைத்தரகர் வழியாக விற்றனர். கோப்பிலுள்ள வயதுக்கு ஏறத்தாழப் பொருந்தும் வயதுடைய ஒருவனை விற்பனையாளர்கள் தேடினர். ஒரு வயதுக்கு 100 டாலர் என்ற கணக்கில் விலை பேசப்பட்டதாக வாய்மொழி வரலாறுகள் கூறுகின்றன. அந்தக் கணக்கில் பதினைந்து வயது மகனின் இடம் 1,500 டாலர். அக்காலத்தில் சலவைக் கடையிலும் உணவகத்திலும் உழைத்த ஒருவருக்கு அது பல ஆண்டுச் சேமிப்பு. குடும்பங்கள் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் ஒரு மகனை அனுப்பின. அமெரிக்கா சேர்ந்தபின் அந்தக் கடனை அடைப்பதே அவனது முதல் கடமையாயிற்று.

ஆவணத்தோடு ஒரு குறிப்புப் புத்தகமும் கைமாறியது. காகிதத் தந்தையின் பெற்றோர், உடன்பிறந்தார், அவர்களின் மணவாழ்க்கை, ஊரின் அமைப்பு, வீட்டின் அமைப்பு ஆகியவை கேள்வி பதில் வடிவில் அதில் எழுதப்பட்டிருக்கும். சில வரைபடங்களோடும் இருந்தன. இளைஞன் கப்பல் பயணத்தில் அதை மனப்பாடம் செய்து, கரை நெருங்கும்போது கடலில் எறிந்துவிட வேண்டும்.

ஏஞ்சல் தீவில் விசாரணை

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910 ஜனவரியில் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. நகரிலிருந்து கடல் பிரித்ததால், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து செய்தி அனுப்புவது கடினம் என்று அதிகாரிகள் கருதினர். பல நாட்டவரும் இங்கே இறங்கினாலும், நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சீனர்களே. சிலர் சில நாட்களிலும், பலர் சில வாரங்களிலும், மேல்முறையீடு செய்தவர்கள் பல மாதங்களுக்குப் பின்னரும் வெளியேறினர். ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். விசாரணை முடியும்வரை கணவனும் மனைவியும் சந்திக்க அனுமதி இல்லை.

விசாரணையில் அதிகாரிகளும் சுருக்கெழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் அமர்ந்திருப்பர். முதலில் தந்தையையும் சாட்சிகளையும் கேட்பார்கள். பின்னர் மகனிடம் அதே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுவார்கள். உங்கள் வீட்டு வாசலில் எத்தனைப் படிகள்? அரிசிப் பானை எந்த இடத்தில் இருக்கிறது? ஊர்க் கிணறு வீட்டிலிருந்து எந்தத் திசையில் உள்ளது? உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் வசிக்கிறார்கள்? பாட்டியின் பாதங்கள் கட்டப்பட்டவையா? இவ்வாறான கேள்விகள் நூற்றுக்கணக்கில் கேட்கப்பட்டன.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றியது. பொய் மகன் தன் பாடத்தை நன்றாகப் படித்து வந்தான். உண்மை மகனோ வீட்டில் வாழ்ந்தானே தவிர வீட்டைப் படிக்கவில்லை. படிகளை எண்ணிப் பார்த்திராத சிறுவனும், பத்து ஆண்டுகளாக ஊரைப் பார்க்காத தந்தையும் வெவ்வேறு விடை கூறுவது இயல்பு. அதனால் உண்மை மகன்களும் குறிப்புப் புத்தகம் தயாரித்துப் படிக்க வேண்டியதாயிற்று. சட்டப்போரில் வென்ற வோங் கிம் ஆர்க்கின் குடும்பமும் இதற்குத் தப்பவில்லை. அவருடைய மூத்த மகன் என்று 1910இல் வந்தவரை, வாக்குமூலங்கள் முரண்படுவதாகக் கூறி அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். பிற மூன்று மகன்கள் 1924க்கும் 1926க்கும் இடையே ஏற்கப்பட்டனர்.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பேம்பி திரைப்படத்துக்குப் பின்னணி ஓவியப் பாணியை வகுத்துத் தந்த டைரஸ் வோங் இவ்வழியில் வந்தவர்களுள் ஒருவர். குவாங்டாங்கில் 1910இல் பிறந்த இவர், சிறுவனாக 1920இல் லுக் தை யோ என்ற காகிதப் பெயரில் தந்தையோடு வந்தார். ஏற்கெனவே அமெரிக்காவில் வாழ்ந்திருந்த தந்தை விரைவில் அனுமதிக்கப்பட்டார். சிறுவன் மட்டும் ஏறத்தாழ ஒரு மாதம் தீவில் தனியே இருந்தான். டைரஸ் என்ற பெயர், தை யோ என்ற காகிதப் பெயரைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆங்கில ஒலிக்கு ஏற்ப மாற்றியதால் வந்தது. 106 வயது வரை வாழ்ந்த அவர் 2016இல் காலமானார். உலகம் அறிந்த பெயரின் ஒரு பாதி காகிதத்திலிருந்தே வந்தது.

காத்திருந்தவர்கள் மரச்சுவர்களில் சீனக் கவிதைகளைச் செதுக்கினர். நிர்வாகக் கட்டடம் 1940இல் தீப்பற்றியபின் நிலையம் மூடப்பட்டது. கட்டடங்களை இடிக்கத் திட்டமிட்டிருந்த வேளையில், 1970இல் பூங்காக் காவலர் அலெக்சாண்டர் வைஸ் சுவரெழுத்துகளைக் கவனித்து அவற்றின் முக்கியத்துவத்தை வெளிப்படுத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இதுவரை பதிவாகியுள்ளன. 1997இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மனைவியரின் நிலை

காகித மகன்களின் வரலாறு ஆண்களின் வரலாறாகவே பெரிதும் அமைந்ததற்குக் காரணம் உண்டு. இடங்களைப் பதிவு செய்தவர்கள், வேலைக்குச் சென்று பணம் அனுப்பக்கூடிய மகன்களையே பதிவு செய்தனர். மனைவியர் ஊரில் தங்கினர். கணவன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோவதே குடும்ப வாழ்க்கையாயிற்று.

மனைவியை அழைத்துக்கொள்ள விரும்பியவர்களையும் சட்டம் தடுத்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தார் குடியேறக்கூடாது என்று 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் விதித்தது. அச்சட்டப்படி அமெரிக்கக் குடிமகனின் சீன மனைவியும் வர இயலாது என்று 1925இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நாளில் வெளிவந்த மற்றொரு தீர்ப்பு, சீன வணிகரின் மனைவி வரலாம் என்றது. வணிகர்களின் உரிமை நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கையைச் சார்ந்திருந்ததே இதற்குக் காரணம். குடிமகனைவிட அயல்நாட்டு வணிகருக்குக் குடும்ப உரிமை கூடுதலாக இருந்த விந்தை இதனால் நேர்ந்தது. 1924 மே 26க்கு முன் மணந்த மனைவியரை மட்டும் அழைத்துக்கொள்ள 1930இல் திருத்தம் ஒன்று வழி செய்தது.

அமெரிக்காவில் பிறந்த பெண்களும் பாதிக்கப்பட்டனர். 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், மணமான பெண்களுக்குத் தனிக் குடியுரிமை அளித்தது. ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலாரை மணப்பவள் தன் குடியுரிமையை இழப்பாள் என்ற விதியை அது வைத்திருந்தது. 1931இல்தான் அவ்விதி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த சீனப் பெண் ஒருத்தி சீனாவில் பிறந்த ஒருவரை மணந்தால், பிறந்த நாட்டிலேயே அயலாளாகும் நிலை அதுவரை நீடித்தது.

இந்தியர்களையும் இதே சட்டச் சொற்றொடர் பாதித்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று பகத் சிங் திந்த் வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. கலிபோர்னியாவில் விவசாயம் செய்த பஞ்சாபியர் பலர், ஊரிலிருந்து பெண் எடுக்க இயலாமல் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தனர். 1946ஆம் ஆண்டின் லூஸ்-செல்லர் சட்டமே இந்தியர்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறந்தது.

தடை நீக்கமும் ஒப்புதல் திட்டமும்

இரண்டாம் உலகப் போரில் சீனாவும் அமெரிக்காவும் ஒரே அணியில் நின்றன. 1943 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான மேக்னசன் சட்டம் விலக்குச் சட்டங்களை நீக்கிச் சீனர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையை அளித்தது. ஆயினும் ஆண்டுக்கு 105 சீனர்கள் மட்டுமே குடியேறலாம் என்று ஒதுக்கீடு வைத்தது. போர் முடிந்தபின், படைவீரர்களின் மனைவியருக்கான 1945ஆம் ஆண்டுச் சட்டமும், குடிமக்களின் சீன மனைவியரை ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்த 1946ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயிரக்கணக்கான சீனப் பெண்களைக் கணவரிடம் சேர்த்தன.

காகித மகன்களின் சிக்கல் அத்துடன் தீரவில்லை. பொய் உறவு சட்டக் கோப்பில் அப்படியே இருந்தது. 1949இல் சீனாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்க அரசு இக்கோப்புகளைப் புதிய சந்தேகத்தோடு பார்த்தது. பொய் ஆவணங்கள் வழியே உளவாளிகள் நுழையலாம் என்று ஹாங்காங்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி எவரெட் டிரம்ரைட் 1955 டிசம்பரில் அறிக்கை அனுப்பினார். 1956இல் சான் பிரான்சிஸ்கோ சீனக் குடும்பச் சங்கங்களின் பதிவேடுகளை ஒப்படைக்குமாறு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. சங்கங்கள் எதிர்த்து வழக்காடின. நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது.

அதே ஆண்டில் குடியேற்றத் துறை ஒப்புதல் திட்டத்தைத் தொடங்கியது. தாம் காகித மகன் என்பதைத் தாமாகவே ஒப்புக்கொள்பவர், பொய்யாகப் பெற்ற குடியுரிமையை இழப்பார். அதற்கு ஈடாக, வேறு தகுதி இருந்தால் அவர் சட்டப்படி நிரந்தர வதிவிட உரிமையும் பின்னர் குடியுரிமையும் பெற வாய்ப்பு உண்டு. ஆனால் இது உறுதியான வாக்குறுதி அன்று. ஒப்புக்கொண்டபின் நாடு கடத்தப்படும் அபாயமும் இருந்தது. இடதுசாரி இயக்கங்களோடு தொடர்புடையவர்கள் மீது இத்திட்டம் ஆயுதமாகவும் பயன்படுத்தப்பட்டது.

மற்றொரு கடினமும் இருந்தது. ஒருவர் ஒப்புதல் அளிக்கும்போது தம் காகிதக் குடும்பத்தினர் அனைவரையும், உண்மைக் குடும்பத்தினர் அனைவரையும் பெயர் சொல்ல வேண்டும். ஒருவரின் உண்மை, பேச விரும்பாத பலரைக் காட்டிக் கொடுத்தது. ஒரே குடும்பத்தில் ஒப்புக்கொள்ள விரும்பியவரும் அஞ்சியவரும் எதிரெதிராக நின்றனர். 1957இல் நிறைவேறிய சட்டமொன்று, குடிமக்களையோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களையோ பெற்றோராக, துணையாக, பிள்ளையாகக் கொண்டவர்கள் முன்பு பொய் கூறி நுழைந்திருந்தாலும், தகுதியிருப்பின் நாடு கடத்தலிலிருந்து காப்பாற்ற இடம் தந்தது. பொய் உறவால் வந்தவரை உண்மை உறவு காத்தது எனலாம். 1960களின் நடுப்பகுதி வரை நடந்த இத்திட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்புதல் அளித்தனர். அளிக்காதவர்களும் ஏராளம்.

1965ஆம் ஆண்டுச் சட்டம்

1965 அக்டோபர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் சுதந்திரதேவி சிலையின் அடியில் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டின அடிப்படையிலான ஒதுக்கீடு ஒழிக்கப்பட்டு, குடும்ப உறவு முதன்மையான அடிப்படை ஆனது. குடிமக்களின் துணைவர், மணமாகாத சிறு பிள்ளைகள், வயதுவந்த குடிமக்களின் பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏனையோருக்கான முன்னுரிமை இடங்களில் 74 விழுக்காடு உறவினருக்கே ஒதுக்கப்பட்டது. அதில் 24 விழுக்காடு குடிமக்களின் உடன்பிறந்தாருக்கு உரியது.

அப்போது அமெரிக்காவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், உறவு முறைப்படி வருபவர்களும் ஐரோப்பியராகவே இருப்பர் என்று சட்டத்தை ஆதரித்த சிலர் எண்ணினர். நடந்தது வேறு. தொழில்திறன் வழியாகவோ மாணவராகவோ வந்த ஆசியர் குடியுரிமை பெற்று, துணைவரையும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அழைத்தனர். தமிழர் உள்ளிட்ட இந்தியக் குடும்பங்கள் பலவும் இவ்வழியில் சென்றவையே. இன்றும் உடன்பிறந்தார் பிரிவில் விண்ணப்பிக்கும் இந்தியர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியுள்ளது. உறவை நிறுவுவதற்குப் பிறப்புச் சான்றிதழும், ஐயம் எழும்போது மரபணுச் சோதனையும் கேட்கப்படுகின்றன. அரிசிப் பானை இருக்கும் இடத்தை இப்போது யாரும் கேட்பதில்லை.

இரு பெயர்களின் மரபு

அமெரிக்க மேலவை 2011 அக்டோபரிலும், கீழவை 2012 ஜூனிலும் சீனர் விலக்குச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவிக்கும் தீர்மானங்களை நிறைவேற்றின. விசாரணைக் கோப்புகள் கலிபோர்னியாவின் சான் புருனோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பொய்யைக் கண்டுபிடிப்பதற்காக அதிகாரிகள் எழுதி வைத்த வாக்குமூலங்களும் வீட்டு வரைபடங்களும் நிழற்படங்களும், இன்று பேரப்பிள்ளைகள் தம் ஊரையும் முன்னோரையும் தேடிக் கண்டறியும் ஆதாரங்களாகியுள்ளன.

காகிதக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கே உண்மை சொல்லப்படவில்லை. பள்ளியில் ஒரு குடும்பப் பெயரும், சீனர் சங்கத்தில் வேறொரு பெயரும் தந்தைக்கு இருப்பதைப் பிள்ளைகள் கவனித்தாலும் கேட்கக்கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்டனர். ஒரே தாத்தாவின் பேரன்கள் வெவ்வேறு குடும்பப் பெயர்களைத் தாங்கினர். சீன மரபில் குடும்பப் பெயர் முன்னோர் வழிபாட்டோடும் குலப் பதிவேட்டோடும் பிணைந்தது. அதைக் கைவிடுவது எளிதான விலை அன்று. அமெரிக்காவின் சீனர் கல்லறைகள் சிலவற்றில் ஆங்கில எழுத்தில் காகிதப் பெயரும், அதனருகே சீன எழுத்தில் உண்மைப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடிருந்தவரை சொல்ல முடியாததை அக்கற்கள் இரு மொழிகளில் சொல்லி நிற்கின்றன.